இடது கன்னத்து மச்சம்

அந்த மச்சம் பிறவியில் வந்ததல்ல, பருவில் வந்தது.

பதினேழு வயதில் தங்கைக்குக் கிடைத்த முதல் வேஷம் கதாநாயகியின் தோழி. மூன்று காட்சி, ஏழு வரி வசனம். படப்பிடிப்பன்று காலையில் பார்த்தால் இடது கன்னத்தில், உதட்டோரத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே, செக்கச்செவேலென்று ஒரு பரு. பவுடரைப் போடப் போட அது குட்டி மலையாக நிமிர்ந்து நின்றது. அக்கா அப்போது ஒரு நாடகக் கம்பெனியில் சில்லறை வேஷங்கள் கட்டிக்கொண்டிருந்தவள். அன்று தங்கைக்குத் துணையாக வந்திருந்தாள். புருவப் பென்சிலை எடுத்துப் பருவின் உச்சியில் ஒரு கரும்புள்ளி வைத்து, யாராவது கேட்டால் பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள்.

யாரும் கேட்கவில்லை. கேமராமேன் மட்டும் லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டுக் கேமராவை நாலடி முன்னால் தள்ளச் சொன்னார். பரு நாலு நாளில் அமுங்கிவிட்டது. படம் முடியாததால் மச்சம் போக முடியவில்லை. படம் வெளிவந்ததும் ஜனங்கள் கதாநாயகியை மறந்துவிட்டு, அந்த மச்சக்காரி யார் என்று விசாரித்தார்கள். அடுத்த படத்தில் அவளே கதாநாயகி.

இருபத்திரண்டு வருஷத்தில் முப்பத்தெட்டுப் படம். ராணி, டாக்டர், திருடி, ஊமைப் பெண் என்று அவள் போடாத வேஷம் இல்லை. ஒரு படத்தில் இரட்டையர். அதில் ஒருத்திக்கு மச்சம் வைக்கவில்லை. அவள் நல்லவள் என்று டைரக்டர் எவ்வளவு காட்டியும் ஜனங்கள் கடைசிவரை நம்பவில்லை. சோப்பு விளம்பரத்தில் அந்த மச்சம் வந்தது, தீப்பெட்டியில் வந்தது. கல்லூரிப் பெண்கள் வீட்டை விட்டு இறங்கியதும் பென்சிலால் வைத்துக்கொண்டு, வீடு திரும்பும்முன் எச்சில் தொட்டு அழித்தார்கள். ஸ்டூடியோவிலேயே பாதிப் பேர் அதை நிஜ மச்சம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் முதல் ஆளாக வந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் அக்காவும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

அக்காவின் கோபத்துக்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் காலண்டர் அச்சடித்தவன் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டான். மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டது. முடிவெட்டும் கடைகளில் இடதா வலதா என்று கைகலப்பு வரைக்கும் போனது. அக்கா அச்சகத்துக்கே நேரில் போய், வேலை செய்பவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், "கண்ணு இருக்கிறவன் செய்யற வேலையாய்யா இது?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அந்த ஆள் அடுத்த வருஷம் காலண்டர் தொழிலையே விட்டுவிட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

அக்காவுக்கு யாரும் மேக்கப் கற்றுக்கொடுக்கவில்லை. நாடகக் கொட்டகையில் தன் முகத்துக்குத் தானே கண்ணாடி பார்த்துப் போட்டுக்கொண்ட பழக்கம்தான். அதனால் மற்ற மேக்கப்மேன்கள்போல எதிரே நின்று அவளுக்கு வராது. தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள், எதிர்க் கண்ணாடியைப் பார்ப்பாள், கையை முன்னால் வளைத்துப் பூசுவாள். தங்கையின் இடது பக்கம்தான் அவளுக்கும் இடது பக்கம். கடைசியில் மச்சம். அதை வைக்கும்போது இரண்டு பேரும் மூச்சுகூட விடமாட்டார்கள். கல்யாணம், இரண்டே வருஷத்தில் அதன் முறிவு, ஓடாத படங்கள், நூறு நாள் ஓடிய படங்கள் என்று எது வந்தபோதும் காலை ஆறு மணிக்கு அந்த நாற்காலியும் அந்தப் புள்ளியும் தவறியதில்லை. அக்காவுக்கு வேறு குடும்பமும் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது.

தங்கைக்கு முப்பத்தொன்பது வயதானபோது அக்காவுக்கு ஐம்பது. அவள் கண்ணில் புகை விழ ஆரம்பித்திருந்தது. முதலில் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. அப்புறம் எல்லா முகத்துக்கும் யாரோ மஸ்லின் துணி போர்த்தியதுபோல ஆனது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாமே, அக்கா கண்ணைத் திறந்துகொண்டே அந்த வேலையைச் செய்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். தங்கையின் முகமோ அதைவிட நன்றாகத் தெரியும். பிறகு கண் எதற்கு என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஆனால் காலம் சரியில்லை. கலர் படம் வந்துகொண்டிருந்தது. கலருக்கென்றே படித்துவிட்டு வந்த மேக்கப்மேன்களைப் படக் கம்பெனிகள் தேடிக்கொண்டிருந்தன. அப்போது எடுத்துக்கொண்டிருந்த படத்தின் முதலாளிக்கு அக்காவை மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாளாகவே எண்ணம். ஒருநாள் தங்கையின் உதட்டுச் சாயம் கோட்டைத் தாண்டிப் பல்லில் பட்டிருந்தது. முதலாளி டைரக்டரிடம் பேசுவதுபோல, அக்கா காதில் விழுகிற மாதிரி சொன்னார். "இன்னொரு தப்பு நடக்கட்டும். அன்னைக்கே ஆளை மாத்திடுவேன். அவங்க அக்காவா இருந்தா வீட்டுல இருக்கட்டும்."

அன்றிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேக்கப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள், யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

படத்தின் கதை ஒரு கையெழுத்தைப் பற்றியது. பொய்க் கையெழுத்துப் போட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண், கோர்ட்டில் தானே வாதாடி, கடைசியில் எல்லோர் முன்னாலும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் காட்டுகிறாள். அந்தக் காட்சியை ஒரே நாளில் முடிக்க வேண்டும். முந்நூறு துணை நடிகர்கள் வரவேண்டும். சாயங்காலமே கோர்ட் செட்டைப் பிரித்துவிட்டு அந்தத் தளத்தை வேறு கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும்.

அன்று காலை மேக்கப் அறைக்குள் நுழைந்தால், சுவரில் கண்ணாடி இருந்த இடத்தில் நாலு ஆணிதான் இருந்தது. பக்கத்துத் தளத்தில் போட்டிருந்த ஜமீன் வீட்டு செட்டுக்கு வேண்டும் என்று ஆர்ட் டைரக்டரின் ஆட்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். திருப்பிக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருந்தால் தாமதம், தாமதத்துக்குக் காரணம் மேக்கப் என்பார்கள். அக்கா காத்திருக்கத் தயாராக இல்லை.

"இருபத்திரண்டு வருஷமா போடற மூஞ்சி. கண்ணாடி என்ன கண்ணாடி," என்று சொல்லி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தங்கைக்கு எதிரே வந்து நின்றாள்.

போட்டு முடித்தாள். மச்சமும் வைத்தாள். இரண்டு பேரும் வழக்கம்போல மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

தளத்தில் டேக்குக்கு முன் தங்கை கைக்கண்ணாடியை வாங்கிப் பார்ப்பது வழக்கம். அன்றும் பார்த்தாள். அக்கா பத்தடி தள்ளி ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணாடியைப் பிடித்த கை மற்ற நாளைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றது என்பது மட்டும் அந்தப் புகைக்குள்ளும் அவளுக்குத் தெரிந்தது. உதட்டுச் சாயம்தான் மறுபடி கோட்டைத் தாண்டிவிட்டதோ என்று பயந்தாள். தங்கை கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரியா இருக்கு. போலாம்," என்றாள்.

விளக்கைச் சரிசெய்யும் இடைவெளியில் அக்கா வெளியே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நாலு நிமிஷக் காட்சி. தூரத்திலிருந்து கேமரா மெல்ல மெல்ல நகர்ந்து வர, நடுவில் ஒரு வெட்டு இல்லாமல் பேசி, பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். முதல் டேக்கிலேயே முடிந்தது. முந்நூறு பேரும் கைதட்டினார்கள். ஜட்ஜாக உட்கார்ந்திருந்த நடிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தே விட்டார். காட்சிக்குக் காட்சி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கன்டினியூட்டி பார்க்கும் உதவி டைரக்டர் தன் நோட்டில் தலைமுடி, கைக்கடிகாரம், பேனாவின் நிறம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மச்சத்தைக் குறிக்கவில்லை. மூக்கு இருக்கிறதா என்று யாராவது குறித்துவைப்பார்களா?

மூன்றாம் நாள் ரஷ் போட்டார்கள். எடுத்த படத்தைக் கழுவி முதன்முதலாகத் திரையில் ஓட்டிப் பார்ப்பது அது. சின்னத் தியேட்டரில் முதலாளி, டைரக்டர், எடிட்டர், தங்கை, பின்வரிசையில் அக்கா. அக்காவுக்குத் திரையில் வெள்ளையாக ஏதோ அசைவது தெரிந்தது, அவ்வளவுதான். வசனத்தைக் கேட்டே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். படம் முடிந்து விளக்கு போட்டார்கள். எடிட்டர் இருமினார்.

"மச்சம் வலது பக்கம் இருக்கு," என்றார்.

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. பத்து நாள் எடுத்த காட்சிகளில் இடது கன்னம், இதில் வலது கன்னம். செட் இருந்த இடத்தில் இப்போது ஒரு மாட்டுத் தொழுவம் நிற்கிறது. அவர் நாற்காலியைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தார். யார் மேக்கப் போட்டது என்று கேட்க அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கை பேசிவிட்டாள்.

"நான்தான். அக்கா வச்சது வேர்வையில அழிஞ்சு போச்சு. அவங்க தண்ணி குடிக்கப் போயிருந்தாங்க. வசனத்தை நெனச்சுக்கிட்டே கண்ணாடிகூடப் பார்க்காம நானே வச்சுட்டேன். கன்னம் மாறிடுச்சு."

கதாநாயகி செய்த தப்புக்கு எந்த முதலாளி வாயைத் திறப்பார்? அவர் கோபத்தை அப்படியே முழுங்கினார். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு பழைய கோபமும் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காரில் தங்கையை வறுத்தெடுத்தாள். நான் வைத்ததைத் தொட உனக்கு யார் உரிமை கொடுத்தது, ஒரு வார்த்தை கூப்பிட்டால் ஓடிவந்திருக்க மாட்டேனா என்று கேட்டுவிட்டு, கடைசியில் அச்சகக்காரனுக்குக் கொடுத்ததையே இவளுக்கும் கொடுத்தாள்.

"கண்ணு இருக்கிறவ செய்யற வேலையாடி இது?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தப்புதான் என்றாள்.

வழி சொன்னவர் எடிட்டர்தான். கோர்ட் காட்சி முழுக்க ஒரே நாளில் எடுத்தது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தால் எல்லாமே இடம் மாறும், மச்சமும் இடது கன்னத்துக்கு வந்துவிடும். வக்கீல்களின் கோட்டில் பொத்தான் பக்கம் மாறும். அவள் பேசும்போது எவன் பொத்தானைப் பார்க்கப்போகிறான்? ஒரே ஒரு சிக்கல், திருப்பினால் அவள் கையெழுத்துப் போடுவது இடது கையால் ஆகிவிடும். படமே அந்தக் கையெழுத்தைப் பற்றியது. முன்னால் எடுத்த காட்சிகளில் அவள் பேனாவைத் தொடவில்லை என்பது ஒரு புண்ணியம். ஆனால் இனி எடுக்க வேண்டிய காட்சிகளில் நாலு இடத்தில் எழுத வேண்டும், அதிலும் ஒன்று கேமரா விரல் நுனிக்கே வந்து நிற்கும் இடம்.

எழுதும் கைக்கு டூப் போடலாம் என்றார் டைரக்டர். தங்கை வேண்டாம் என்றாள், மூன்று வாரம் கேட்டாள்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். கோடு போட்ட நோட்டை விரித்துவைத்துக்கொண்டு இடது கையால் எழுதி எழுதிப் பழகினாள். தோள் வலித்தது, விரல் காய்த்தது. இடது கையால் டம்ளர் பிடித்தாள், பல் தேய்த்தாள், கதவு திறந்தாள். அக்கா சும்மா இருந்தாளா என்றால், இல்லை. தட்டு வைக்க வரும்போதெல்லாம் ஒரு குத்தல். "தானா தேடிக்கிட்ட தலைவலி. எழுதும்மா, நல்லா எழுது. அடுத்த தடவை பென்சிலைத் தொடும்போது ஞாபகம் வரும்." தங்கை தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பாள். தன் மேல் தப்பில்லாமல் இன்னொருத்தியைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. ரொம்ப நாளாகப் பயந்து பயந்து கிடந்த அக்கா அந்தச் சுகத்தை ஆசை தீர அனுபவித்தாள்.

படம் ஓடியது, சாதாரண ஓட்டம் இல்லை, வெள்ளிவிழா. இடதுகைக்காரியாகவே வாழ்ந்திருக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. இப்படி ஒரு நுணுக்கத்தை யோசித்த டைரக்டரை மேதை என்றார்கள், அவரும் மறுக்கவில்லை. அந்த வருஷத்தின் சிறந்த நடிகை பரிசு அவளுக்கு வந்தது, அதையும் மேடையில் இடது கையால்தான் வாங்கினாள். கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒருவர் மட்டும் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். கோர்ட் காட்சியில் அம்மா நாலு நிமிஷம் பேசுகிறார்கள், சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் போகிறது, இயந்திரத்தை உடனே கவனிக்கவும் என்று. வேறு யாருமே கவனிக்கவில்லை.

வெற்றிக்குப் பிறகு முதலாளி மேக்கப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ராசியான கையை எவன் மாற்றுவான்?

விழா முடிந்த வாரம் தங்கை, நாளைக் காலை பதினோரு மணிக்குக் கண் டாக்டர் என்று சொன்னாள். யாருக்கு என்று கேட்டாள் அக்கா. உனக்குத்தான் என்றாள் தங்கை. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அக்கா ஈனசுரத்தில் கேட்க, சர்க்கரை என்று நினைத்து டீயில் உப்பைப் போட்டுக் கொடுத்தாயே, அன்றிலிருந்து என்றாள். அக்காவுக்கு அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. வராததில் ஆச்சரியமும் இல்லை. தங்கை அந்த டீயை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்து முடித்திருந்தாள்.

ஒரு கண்ணில் ஆபரேஷன், ஆறு வாரம் கழித்து இன்னொரு கண்ணில். சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீடு திரும்பிய அக்காவுக்கு எல்லாமே புதுசு. சுவரில் இத்தனை அழுக்கா என்று திகைத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கண்ணோரத்தில் கோடுகள், தாடைக்கடியில் தளர்ச்சி. முப்பது வயது முகத்துக்கே இத்தனை நாளும் மேக்கப் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இழுப்பறைகளைக் கவிழ்க்க ஆரம்பித்தாள்.

விழாவுக்கு முதலாளி கொடுத்த ஆல்பம் முதலில் வந்தது. படப்பிடிப்பின்போது எடுத்த புகைப்படங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் படம் செருகும் காகித மூலைகள் நாலும் ஒட்டியபடி இருக்க, நடுவில் படம் இல்லை. அதற்கு அடியில் அந்தக் கோடு போட்ட நோட்டு. முதல் பக்கங்களில் எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோலக் கிடந்தது. போகப் போக நிமிர்ந்து, கடைசிப் பக்கத்தில் வலது கையால் எழுதியதுபோலவே இருந்தது. அட்டைக்குள் செருகி, ஆல்பத்தில் இல்லாத அந்தப் படம்.

ஸ்டில் போட்டோகிராபர் கதவிடுக்கு வழியாக எடுத்திருக்க வேண்டும். நாலு ஆணி தெரியும் சுவர். கோர்ட் காட்சி உடையில் தங்கை நாற்காலியில். எதிரே குனிந்து நிற்பது அக்கா. அக்காவின் கையில் புருவப் பென்சில். பென்சிலின் முனை தங்கையின் வலது கன்னத்தில்.

அக்கா படத்தைத் திருப்பிப் பார்த்தாள். இதையும் மாற்றி அச்சடித்துவிட்டானோ என்று ஒரு கணம் நப்பாசை. படத்தில் தங்கையின் கைக்கடிகாரம் இடது மணிக்கட்டில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கார், மேஜை, தட்டு வைத்த வேளைகள், தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வரிசையாக வந்து அவள் முன் நின்றன. அழுதாள். டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருந்ததும் நினைவுக்கு வந்தது, அதற்கும் சேர்த்து அழுதாள்.

மறுநாள் காலை ஆறு மணி. மேக்கப் அறையில் கண்ணாடி அதன் இடத்தில் மாட்டியிருந்தது. தங்கை வந்து உட்கார்ந்தாள். அக்கா பெட்டியைத் திறக்கவில்லை. படத்தை மேஜைமேல் வைத்தாள்.

"அன்னைக்குக் கைக்கண்ணாடியில பாத்தியே. அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஏண்டி சொல்லலை? துடைச்சுட்டு மாத்தி வச்சிருக்கலாமே."

"முந்நூறு பேர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. முதலாளி பக்கத்துலயே நின்னாரு. அங்க துடைச்சா ஏன்னு கேப்பாங்க. கேட்டா உன்னை அன்னைக்கே அனுப்பியிருப்பாங்க."

"அனுப்பட்டுமே. கலருக்குப் படிச்சவன் எவனாவது வந்திருப்பான். நீ இடது கையால எழுதிக் கஷ்டப்பட வேண்டாம். என்கிட்ட அத்தனை பேச்சும் வாங்க வேண்டாம்."

தங்கை கண்ணாடிக்குள் இருந்த அக்காவைப் பார்த்தாள்.

"எழுதறதுக்கு இன்னொரு கை பழகிக்கலாம்க்கா. என் மூஞ்சிக்கு இன்னொரு கை பழகாது."

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று வேலையை ஆரம்பித்தாள். கண்ணோரத்துக் கோடுகளை முதல் தடவையாகப் பார்த்துப் பூசினாள். கடைசியில் பென்சிலை எடுத்தாள், இரண்டு பேரும் மூச்சை அடக்கினார்கள். புள்ளி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

தங்கை கைக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

"சரியா இருக்கு. போலாம்," என்று எழுந்தாள்.

அக்கா அவள் தோளை அழுத்தினாள். "சரியா இல்லை. உக்காரு," என்று சொல்லி, அதைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.